அழுத்தி எழுதுகிறவள்

முதல் வரி அழிந்துவிட்டது. ரப்பரை ஓரமாக வைத்துவிட்டு, காகிதத்தில் உதிர்ந்து கிடந்த துகள்களை ஊதினேன். ஊதியதும் கதவைப் பார்த்தேன். உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. போட்டது நான்தான். ஆனாலும் இன்னொரு முறை பார்த்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி ஐந்து நிமிடம். பத்தே முக்காலுக்கு வார்டு சிஸ்டர் வந்து இந்த ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பதினோரு மணிக்கு மூன்றாவது மாடியில் விசாரணைக் கமிட்டி. மூன்று டாக்டர்கள், நிர்வாக அதிகாரி, எங்கள் உணவியல் பிரிவின் தலைவி என்று ஐந்து பேர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அதற்குள் இன்னும் ஆறு வரிகளை அழிக்க வேண்டும். பென்சில் எழுத்துதானே, ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு வரிக்கே நான்கு நிமிடம் பிடித்தது. எழுதிய பெண் ஒவ்வொரு எழுத்தையும் கல்லில் செதுக்குகிற மாதிரி அழுத்தி எழுதியிருந்தாள். கரி போய்விட்டது, பள்ளம் போகவில்லை. காகிதம் அந்த இடத்தில் மெலிந்து, பஞ்சு மாதிரி ஆகியிருந்தது.

பதினேழு வருடமாக நான் டயட்டீஷியன். நோயாளிக்கு எது உள்ளே போக வேண்டும், எவ்வளவு, எந்த வேகத்தில் என்று முடிவு செய்து கேஸ் ஃபைலில் எழுதுவது என் வேலை. அதோடு, வருடத்துக்கு இரண்டு முறை கல்லூரியிலிருந்து வரும் மாணவிகளுக்கு அந்த எழுத்து வேலையைச் சொல்லிக் கொடுப்பதும் என் பொறுப்பு. முதல் நாளே வெள்ளைப் பலகையில் நான்கு கேள்விகளை எழுதிவிடுவேன். என்ன பார்த்தாய்? என்ன அளந்தாய்? என்ன செய்தாய்? யாரிடம் சொன்னாய்? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் கை நடுங்காமல் எழுது, கையெழுத்துப் போடு, பயப்படாதே என்பேன். எழுதும்போது நம்பிக்கை வேண்டும் என்று அரை மணி நேரம் பேசுவேன். பேசி முடித்துவிட்டு ஆளுக்கொரு பென்சில் கொடுப்பேன்.

ஆஸ்பத்திரி விதிப்படி ஃபைலில் பேனாவால்தான் எழுத வேண்டும். பென்சில் என் சொந்த ஏற்பாடு. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மாணவி மில்லியைத் தப்பாக எழுதிவிட, பெரிய சர்ஜன் வார்டு நடுவில் என்னை நிற்கவைத்துக் கிழி கிழியென்று கிழித்தார். அன்றிலிருந்து மாணவிகள் முதலில் பென்சிலில் எழுதுவார்கள், பகல் ஒரு மணிக்கு நான் சுற்றி வந்து பார்ப்பேன், சரியென்றால் அதன்மேல் பேனா ஓட்டுவார்கள். யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள்கூடச் சிக்கல் வந்ததில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

பதினாலாம் நம்பர் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். உணவுக்குழாய் சுருங்கிப்போய் ஆபரேஷனுக்காகச் சேர்ந்தவர். திங்கட்கிழமை நான் அவரைப் பார்த்தபோது, முந்தின நாள் முதல்தான் விழுங்கச் சிரமம் அதிகம் என்றார். தட்டுக் கணக்கைப் பார்த்தேன். சேர்ந்த நாலு நாளும் 'முழுதும் சாப்பிட்டார்' என்று டிக் போட்டிருந்தது. ஆள் ரொம்ப ஒல்லியாக இருக்கிறாரே என்று கேட்டதற்கு, "தையல்காரன் தொப்பை வெச்சா மெஷின் முன்னாடி எப்படிம்மா உட்காரறது?" என்றார். நான் சிரித்தேன். சிரித்தபடியே எழுதினேன்: செவ்வாய் மாலை நான்கு மணி முதல் மூக்குக் குழாய் வழியாக முழு அளவு உணவு. பேனாவில். கீழே என் கையெழுத்து, சுழித்து, அழகாக.

நாலு மணிக்கு அப்படியே கொடுத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் அவருக்கு மூச்சு வாங்கியது, இதயம் தாறுமாறாக அடித்தது, ஐ.சி.யூவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தில் பாஸ்பேட் உப்பு அடிமட்டத்தில் இருந்தது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று முழு உணவைச் செலுத்தினால் இப்படித்தான் ஆகும். ரத்தத்தில் இருக்கிற உப்பையெல்லாம் உடம்பு ஒரே மூச்சில் இழுத்துக்கொள்ளும், இதயம் தள்ளாடும். இது இரண்டாம் வருடப் பாடம். நானே நடத்துகிற பாடம்.

பட்டினி கிடந்தார் என்பது எனக்குத் தெரியாது. இதுதான் கமிட்டியில் நான் சொல்லப்போவது. விளக்கக் கடிதத்தை வீட்டிலேயே டைப் செய்து கொண்டுவந்திருந்தேன். மூன்றாவது பத்தி: 'நோயாளியின் மனைவி உணவுத் தட்டுகளைத் தானே காலி செய்து, உண்மையைக் கடைசி வரை தெரிவிக்கவில்லை.'

அந்தக் கடிதம் நிற்க வேண்டுமானால் இந்த ஏழு வரி இருக்கக் கூடாது. ஏனென்றால் அழிந்துபோன முதல் வரி இப்படி இருந்தது: 'செவ்வாய், பகல் 12.20. நோயாளியின் மனைவி தெரிவித்தது.'

நேற்று மாலை தலைவியிடம் போனேன். பென்சில் குறிப்பு ஒன்று இருக்கிறது என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பென்சில்ல எழுதினது பதிவே கிடையாதும்மா. உன் பொண்ணுங்க கிறுக்கினதெல்லாம் எதுக்கு கமிட்டி முன்னாடி? ஃபைலைச் சுத்தமா குடு" என்றார். அழி என்று அவர் சொல்லவில்லை. சுத்தமாகக் கொடு என்றுதான் சொன்னார். வெளியே வந்தபோது அவர் அறை வாசலில் செவ்வாய்க்கிழமை கட்டின பலூன்களில் இரண்டு சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. அவருடைய பதவி உயர்வுக் கொண்டாட்டம். கேக் வெட்டியது பகல் ஒரு மணிக்கு.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஷூவுக்குள் காலை நுழைத்தபடி என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "என்ன, கேபிள் அறுந்த மாதிரி இருக்கே மூஞ்சி?" என்றார்.

"ஒண்ணுமில்ல. கமிட்டி இருக்கு."

"யார் மாட்டினது?"

"யாரும் மாட்டலை. நோயாளி வீட்டுக்காரங்க ஒழுங்கா விவரம் சொல்லலை."

"எங்க வேலையிலும் அப்படித்தான். லிஃப்ட் நின்னா, ஆள் அதிகமா ஏறிட்டாங்கன்னு எழுதிடுவோம். உள்ள இருந்தவங்க வந்து எண்ணிக் காட்டவா போறாங்க?" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். பஸ்ஸில் வரும்போது அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே வந்தது.

ரப்பரை மறுபடி கையில் எடுத்தேன். இரண்டாவது வரியில் வைத்தேன். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

யார் என்று கேட்பதற்குள் குரல் வந்தது. "மேடம், நான்தான்."

அந்த ஏழு வரியையும் எழுதியவள்தான். கூட வந்த இரண்டு மாணவிகளும் அவளுக்கு வைத்த பெயர் 'ரப்பர்'. என் கையில் இருந்ததும் அவளுடையதுதான். போன வாரம் இந்த மேஜையில் விட்டுப்போனது. ஒரு வரி எழுதினால் இரண்டு வரி அழிப்பாள். வாயைத் திறந்தால் 'இருக்கும்னு நினைக்கறேன் மேடம்', 'தப்பா இருந்தா சொல்லுங்க மேடம்'. ஆறு வாரத்தில் அவள் ஒரு விஷயத்தையாவது முற்றுப்புள்ளியோடு சொல்லி நான் கேட்டதில்லை. அவளுடைய மதிப்பீட்டுத் தாள்கூட மேஜைமேல்தான் கிடந்தது. 'குறிப்பு எழுதுவதில் தன்னம்பிக்கை' என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தேன். போட்டது திங்கட்கிழமை. இன்று அவளுக்குக் கடைசி நாள். கையெழுத்து வாங்க வந்திருப்பாள்.

டைப் செய்த கடிதத்தை எடுத்து ஃபைல் பக்கத்தின்மேல் போட்டு மூடினேன். கதவைத் திறந்தேன்.

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"செவ்வாய்க்கிழமை நான் எழுதினதை அழிச்சிடலாமா மேடம்?"

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளே கேட்கிறாள். நான் கேட்கவைக்கவில்லை. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

"ஏன்?" என்றேன். குரலில் மேடம் இருந்தாள்.

"எழுதிட்டு உங்களுக்காகக் காத்துட்டிருந்தேன் மேடம். ரெண்டரைக்கு காலேஜ் பஸ். எல்லாரும் ஏறிட்டாங்க, ஹார்ன் மேல ஹார்ன். ஓடிட்டேன். பஸ்ஸை விட்டுட்டு நின்னிருக்கணும். சிஸ்டர்கிட்டயாவது சொல்லிருக்கணும். பென்சில்ல இருக்கே, நீங்க பார்க்காம எப்படிச் சொல்றதுன்னு..." துப்பட்டா முனையை இன்னொரு சுற்றுச் சுருட்டினாள். "தெரிஞ்சும் விட்டுட்டுப் போயிருக்கா பாருன்னு சொல்வாங்க மேடம். எங்க அக்கா கல்யாணத்தைத் தள்ளி வெச்சுட்டு என்னைப் படிக்க வெச்சாங்க. வீட்டுல என்ன சொல்லுவேன்?"

"சரி, அழாதே" என்றேன். "பென்சில்ல எழுதினது பதிவே கிடையாது." தலைவியின் வாக்கியம் என் வாயில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. "நான் பார்த்துக்கறேன். நீ தாளைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். கிளம்பு."

அவள் தாளுக்காக மேஜையைப் பார்த்தாள். பார்வை தாளில் நிற்கவில்லை. மேஜை விளிம்பில் நின்றது. அங்கே நான் ஊதியதில் போய் ஒதுங்கிய துகள்கள் இருந்தன, சாம்பல் நிறத்தில், புழு மாதிரி சுருண்டு. ரப்பர் துகளை அவளைவிட நன்றாக அறிந்த ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

என்னைப் பார்த்தாள். என் வலது கையைப் பார்த்தாள். கைக்குள் ரப்பர் இருந்தது. கதவைத் திறக்கும்போது அதைக் கீழே வைக்க மறந்திருந்தேன்.

அவள் மெதுவாக வந்து கடிதத்தை எடுத்தாள். அனுமதி கேட்கவில்லை, ஆறு வாரத்தில் முதல் தடவை. அடியில் இருந்த பக்கம் தெரிந்தது. கடிதத்தை முதலிலிருந்து படித்தாள். மூன்றாவது பத்திக்கு வந்ததும் உதடு அசைவது நின்றது.

"இது பொய் மேடம்" என்றாள்.

அதற்குப் பின்னால் 'னு நினைக்கறேன்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அந்தம்மா என்கிட்ட சொன்னாங்க. பன்னெண்டு இருபதுக்கு. லாக்கர் மேல அவரோட பேன்ட் மடிச்சு வெச்சிருந்தது. இடுப்புல ரெண்டு வரிசை தையல். புதுசு. இவ்ளோ நேர்த்தியா இருக்கே, கடையில குடுத்து இறுக்கிப் பிடிச்சதான்னு கேட்டேன். 'இல்ல பாப்பா, அவரே பிடிச்சது. ரெண்டு மாசத்துல ரெண்டு வாட்டி'ன்னாங்க. என்கிட்ட டேப் இருந்துது. அளந்து பார்த்தேன், மொத்தம் ஒம்பது சென்டிமீட்டர். நான் அவங்களையே பார்த்துட்டு நின்னேன் மேடம். ஒண்ணுமே கேக்கலை. அவங்களா அழ ஆரம்பிச்சுட்டாங்க. பதினோரு நாளா பாலும் தண்ணியும்தான். சாப்பிடலைன்னு தெரிஞ்சா உடம்பு தேத்திட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, ஆபரேஷன் நடக்காதுன்னு அவர் பயந்திருக்கார். 'நீ சாப்பிட்டுத் தட்டைக் காலி பண்ணு'ன்னு இவங்ககிட்ட சொல்லிட்டார். அழுதுட்டே அவருக்கு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன்னாங்க."

இதையெல்லாம் நான் பென்சில் வரிகளில் படித்திருந்தேன். ஆனால் நேற்றுத்தான் படித்தேன். ஐ.சி.யூவுக்குக் கொண்டுபோன பிறகு.

"இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஐ.சி.யூ வாசல்ல. காலையில போய்ப் பார்த்தேன். அவர் இன்னும் கண்ணைத் திறக்கலை." அவள் துப்பட்டாவை விட்டுவிட்டாள். "என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க மேடம். 'பாப்பா, டாக்டர் என்னைத் திட்டறாரு, ஏம்மா மறைச்சேன்னு. நான் உன்கிட்ட சொன்னேன்ல? நீ எழுதினியே, பக்கத்துல நின்னு பார்த்தேனே. நான் சொன்னது எங்க போச்சு?'ன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஃபைல்ல இருக்கு ஆன்ட்டின்னு சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "தைரியமா சொல்லிட்டேன். சொல்லிட்டுப் படியில இறங்கினேன். மூணு மாடி இறங்கறதுக்குள்ள பயம் வந்துடுச்சு. நேரா உங்ககிட்ட வந்து அழிக்கச் சொல்லிக் கேக்கறேன்."

கடிகாரம் பத்து இருபத்திரண்டு காட்டியது. வராந்தாவில் உணவு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இவள் இந்த அறையை விட்டுப் போனால் யாரிடம் சொல்வாள்? சொன்னால் யார் நம்புவார்கள்? மதிப்பீட்டுத் தாள் என் கையில். பதினேழு வருடம் என் பக்கம். ஒரு மாணவி, அதுவும் ரப்பர் என்று பெயர் வாங்கின மாணவி. இப்படி நினைத்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அவள் கடிதத்தை நழுவவிட்டு ஃபைலைக் கையில் எடுத்தாள். ஜன்னல் பக்கம் போய்ப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. நான் நாலு நிமிடம் பாடுபட்டு அழித்த இடத்தில், கரி இல்லாமல், வெறும் பள்ளமாக எழுத்துகள் எழுந்து நின்றன. பகல் பன்னிரண்டு இருபது. நோயாளியின் மனைவி.

"நான் அழுத்தி எழுதுவேன் மேடம்" என்றாள். "அழியாது. ஸ்கூல்லேர்ந்தே திட்டு வாங்கியிருக்கேன். அடுத்த பக்கத்துலயும் இருக்கும் பாருங்க."

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத நேரத்தில், வரக்கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். ரப்பரை மேஜைமேல் வைத்தேன். அது கொஞ்ச தூரம் உருண்டு, மதிப்பீட்டுத் தாளில் இடித்து நின்றது. அவள் பார்வை அதன் பின்னாலேயே போய், நான் போட்டிருந்த இரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"பேனா குடுங்க மேடம். இது மேலயே எழுதிடறேன். அப்ப சரியாயிடும்ல?"

"கூடாது" என்றேன். அடுத்த கணம்தான் அந்தச் சத்தம் என்னுடையது என்று புரிந்தது. வகுப்பில் பேசுகிற குரல். "இன்னிக்கு அதுமேல பேனா ஓட்டினா, செவ்வாய்க்கிழமையே பேனாவுல எழுதின மாதிரி ஆயிடும். அது இன்னொரு பொய். பென்சிலைத் தொடாதே. அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழே, காலி இடத்துல, இன்னிக்குத் தேதி போடு. இப்ப மணி என்னவோ அதைப் போடு. 'தாமதப் பதிவு'ன்னு தலைப்பு எழுது. செவ்வாய்க்கிழமை நடந்ததை இன்னிக்கு எழுதறேன்னு முதல் வரியிலேயே தெரியணும்."

அவள் உட்கார்ந்தாள். என் பேனாவைக் கொடுத்தேன். திங்கட்கிழமை சுழித்துக் கையெழுத்துப் போட்ட அதே பேனா.

"என்ன எழுதணும்?"

"பலகையைப் பாரு."

வெள்ளைப் பலகையில் நான்கு கேள்விகளும் ஆறு வாரமாக அழியாமல் இருந்தன. அவள் முதலாவதைப் படித்தாள். எழுத ஆரம்பித்தாள்.

ஆறு வாரமும் நான் பார்க்க விரும்பியது அந்தப் பதினைந்து நிமிடத்தில் நடந்தது. அவள் நிறுத்தவில்லை, என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, 'சரியா மேடம்' என்று கேட்கவில்லை. பார்த்தது: இடுப்பில் இரண்டு வரிசை தையல், நோயாளியே பிடித்தது. அளந்தது: ஒன்பது சென்டிமீட்டர். மனைவி சொன்னது, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, மேற்கோளுக்குள். முழு அளவு உணவு ஆபத்து என்று கருதினேன். பாஸ்பேட் பார்த்துவிட்டு, கால் அளவில் தொடங்க வேண்டும் என்று பென்சிலில் எழுதினேன். ஒரு இடத்தில் 'எழுதலாம் என' என்று தொடங்கி, ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போனாள். அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மாட்டேன் என்று அடம்பிடித்தவள் அவள், அசிங்கமாக இருக்கிறதாம்.

பென்சிலில் ஏன் எழுதினாள் என்பதற்கு ஒரு வரி எழுதினாள்: 'மேற்பார்வையாளர் சரிபார்த்த பின்னரே பேனாவால் எழுத வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட முறை.' அதை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவானது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். கீழே நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸின் கண்ணாடியை ஒருவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மூன்றாவது கேள்வியும் முடிந்தது. பேனா நின்றது.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். பிறகு என்னை. பத்து முப்பத்தெட்டு.

"நாலாவதுக்கு என்ன எழுதட்டும் மேடம்?"

யாரிடம் சொன்னாய்?

இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. தலைவியிடம் சொல்லவில்லை, கடிதத்தில் இல்லை, கணவரிடம் இல்லை, எனக்கு நானேகூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை கேக் வெட்டின நேரத்தில் என் போன் அடித்தது. ஒரு கையில் காகிதத் தட்டு, வாய் நிறைய கேக். இன்னொரு கையால் எடுத்துக் காதில் வைத்தேன். "மேடம், பதினாலாம் பெட் தாத்தா சாப்பிடவே இல்லையாம், நாலு மணிக்கு ஃபீட் இருக்கு, ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றாள். பின்னால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "பென்சில்லயே இருக்கட்டும். வந்துட்டே இருக்கேன்" என்றேன். போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். தலைவியின் வலது பக்கத்தில் நின்றேன். அதற்கப்புறம் யாரோ பழைய கதை எடுத்தார்கள், சிரித்தோம். மூன்று மணிக்கு வேறு வார்டில் கூப்பிட, அங்கே போய்விட்டேன். போட்டோவில் நான் நன்றாக விழுந்திருந்தேன். குரூப்பில் எல்லோரும் சொன்னார்கள்.

அவள் அந்த போனைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. உள்ளே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. காத்திருந்தேன் என்றாள், பஸ்ஸை விட்டிருக்கணும் என்றாள், சிஸ்டரிடம் சொல்லியிருக்கணும் என்றாள். தன் தப்பையெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சொன்னவள், என்னுடையதைத் தொடவில்லை. இப்போதும் கேள்வியைத்தான் கேட்டாள். நான் 'யாரிடமும் சொல்லவில்லை என்று எழுது' என்றால் எழுதியிருப்பாள். எழுதிவிட்டு, வீடு, அக்கா, காலேஜ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தனியாக அந்த மாடி ஏறியிருப்பாள். அது அவள் முகத்தில் தெரிந்தது.

"கடைசி வரைக்கும் காத்திருந்தேன்னு மட்டும் எழுதட்டுமா மேடம்?" என்றாள் மெல்ல.

வராந்தாவில் வார்டு சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் நடை எல்லோருக்கும் தெரியும். ஸ்டாம்ப் குத்துகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு குத்தாக நெருங்கியது.

கைப்பையைத் திறந்தேன். போனை எடுத்தேன். அழைப்புப் பட்டியலைக் கீழே கீழே தள்ளினேன். கணவர், காஸ்காரர், தலைவி, தலைவி, மகள், கணவர். செவ்வாய். அவள் எண்ணை நான் பெயராகச் சேமித்திருக்கவில்லை; 'டிரெய்னிங் 3' என்றுதான் இருந்தது. அதைத் தொட்டு விவரத்தைத் திறந்தேன். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். நாற்பத்தொரு விநாடி. போனை மேஜையில் வைத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"நேரத்தைச் சரியாப் போடு" என்றேன். "நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அதையும் எழுது. என் வார்த்தையிலேயே, மேற்கோளுக்குள்ள. கையெழுத்துப் போட்டுட்டு அதுக்குக் கீழே நாலு வரி இடம் விடு."

"எதுக்கு?"

"நானும் எழுதணும். மேல அந்த முதல் வரியைத் தேய்ச்சது யாருன்னு இருக்கணுமில்ல."

கதவு திறந்தது. சிஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். மேஜையைப் பார்த்தார், துகள்களைப் பார்த்தார், டைப் செய்த கடிதம் தரையில் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். முப்பது வருடமாக ஃபைல் தூக்குகிறவர். "முடிஞ்சுதா?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் சிஸ்டர்."

"மேல காத்துட்டிருக்காங்க. அந்தம்மாவையும் கூப்பிட்டு வெளிய பெஞ்சுல உட்கார வெச்சிருக்காங்க. மடியில ஒரு பேன்ட்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு." சொல்லிவிட்டு உள்ளே வந்து, கதவுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எழுதுங்க. ஃபைல் இல்லாம ஆரம்பிக்க மாட்டாங்க."

அவள் எழுதினாள். 'பகல்' என்று எழுதிவிட்டு நேரத்துக்காக போனைப் பார்த்தாள். அதற்குள் திரை மங்கி அணையப்போனது. இடது கை ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டாள். வெளிச்சம் திரும்பியது. விரலை எடுக்காமல், திரையைத் தொட்டபடியே, வலது கையால் அழுத்தி, ஒவ்வொரு எண்ணாக எழுதத் தொடங்கினாள்.